மூக்கில் விட்ட பஞ்சுக்குச்சி

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் தம்பி மகள் போன் செய்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே நான்கு நோயாளிகளுக்கு அடுத்தடுத்து ஒரே கிருமி வந்துவிட்டதாம். மறுநாள் அந்தப் பிரிவில் வேலை செய்யும் எல்லோரிடமும் மூக்கிலும் கையிலும் மாதிரி எடுக்கப்போகிறார்கள்.

"பெரியப்பா, எனக்கு பாசிட்டிவ்னு வந்துட்டா வேலை போயிடுமா? என்னாலதான் அவங்களுக்கு வந்ததுன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும், நான் 35 வருடம் மருத்துவமனை லேப்பில் கிருமிகளோடு குடித்தனம் நடத்தியவன். 2011-இல் ஓய்வு பெற்றபின் பாலவாக்கத்துச் சவுக்குத் தோப்புகளையும் பழைய பஸ் பயணங்களையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். லேப் கதை அதிகம் எழுதியதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று அவளுக்கு ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமென்றால் இருநூறு வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் தொடங்குகிறது. 1789 டிசம்பரில் அங்கே பிரசவமான பெண்களுக்கு ஜன்னி கண்டது. 1792 வரை அது நிற்கவில்லை. அலெக்சாண்டர் கார்டன் என்ற டாக்டர் 77 பேருக்கு வைத்தியம் பார்த்தார். அதில் 28 பேர் இறந்துபோனார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கார்டன் ஒரு பட்டியல் போட்டார். எந்தப் பெண், எந்தத் தேதி, எந்தத் தெரு, பிரசவம் பார்த்தது யார் என்று வரிசையாக எழுதினார். எழுதி முடித்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சில மருத்துவச்சிகள் பார்த்த பிரசவங்களில்தான் ஜன்னி வருகிறது. மற்றவர்கள் பார்த்தால் வருவதில்லை. அப்படியானால் நோய் காற்றில் வரவில்லை, ஆளோடு வருகிறது.

1795-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். நோயாளிக்குப் பிரசவம் பார்த்தவர்கள் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், உடுத்திய துணியைப் புகை போட வேண்டும் என்றெல்லாம் எழுதினார். கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் மருத்துவச்சிகளின் பெயர்களை அப்படியே அச்சிட்டுவிட்டார். நியாயமான மனிதர் என்பதால், தானும் பல பெண்களுக்கு இந்த நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. பகையைத் தாங்காமல் பழையபடி கடற்படை வேலைக்கே போனார். 1799-இல் காசநோயில் இறந்தபோது வயது 47.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களே நோயைக் கொண்டுவரலாம் என்று முறையாகக் கணக்குப் போட்டுக் காட்டிய முதல் ஆட்களில் இவர் ஒருவர். கணக்கு சரி. பெயர் போட்டதில்தான் வினை வந்தது.

அடுத்து வியன்னா. செம்மல்வைஸ் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் வார்டில்தான் சாவு அதிகம். அந்த வார்டு வேண்டாம் என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுவார்களாம். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்று இருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சமாக இறங்கியது.

அதற்கு மூன்று வருடம் முன்னால்தான், 1844-இல், நம் ஊரில் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பமானது. இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் பிறந்த இடம். அந்தக் காலத்தில் வியன்னாவில் இருந்த பயம்தான் உலகத்தில் எல்லாப் பிரசவ வார்டிலும் இருந்தது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜன்னி வரும்' என்று நம் பாட்டிமார் வீட்டுப் பிரசவத்தையே பிடித்துக்கொண்டிருந்ததை வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன்.

செம்மல்வைஸ் சொன்னது உண்மைதான் என்று எண்கள் காட்டின. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. கனவானின் கையில் அழுக்கு இருக்குமா என்பதுதான் அவர்கள் மனதில் இருந்த கேள்வி. அவரும் பொறுமையானவர் இல்லை. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்கிற அளவுக்குத் திட்டிக் கடிதம் எழுதினார். 1865-இல் மனநல விடுதி ஒன்றில் இறந்தார். அபர்டீனில் மருத்துவச்சிகளைக் கைகாட்டுவதற்கு ஒரு டாக்டர் கிடைத்தார். வியன்னாவில் டாக்டர்களைக் கைகாட்டியவரின் பேச்சு எடுபடவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1879-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் பிரசவ ஜன்னிக்குக் காரணமான கிருமியைப் பாசிமணி கோத்தாற்போல் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிறகு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வந்தது. நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதன்பின் ஒரு புதுச் சிக்கல் வந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள்கூடக் கிருமியைச் சுமந்துகொண்டு நடமாட முடியும் என்பது தெரியவந்தது. நோய்தாங்கி என்று சொல்வோம்.

இதில் உலகப் புகழ் பெற்றது நியூயார்க் சமையல்காரி மேரி மாலன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1906-இல் அவர் சமைத்த ஒரு வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார். மேரிக்கு ஒரு நாள் காய்ச்சல் கிடையாது. 'எனக்கு ஒன்றுமில்லை, என்னை ஏன் பிடிக்கிறீர்கள்' என்பதுதான் கடைசிவரை அவர் கேள்வி. 1907-இல் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். இனிமேல் சமைப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு 1910-இல் விட்டார்கள். ஆனால் சமையலைத் தவிர வேறு தொழில் தெரியாதவர். துணி துவைத்தால் வரும் கூலி பாதிகூட இல்லை.

1915-இல் நியூயார்க்கில் ஸ்லோன் என்ற பெண்கள் மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்தது. பெரும்பாலும் டாக்டர்கள், நர்ஸுகள், வேலையாட்கள். இருவர் இறந்தார்கள். சமையலறையில் பார்த்தால் மேரி, பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். மறுபடியும் அதே தீவு. 1938-இல் இறக்கும்வரை 23 வருடம் வெளியே விடவில்லை. அவரைப்போல் கிருமி சுமந்த பலர் அதே நகரத்தில் சுதந்திரமாக இருந்தார்கள். அவர்களில் உணவுத் தொழில் செய்தவர்களும் உண்டு. ஆனால் பத்திரிகைகள் 'டைஃபாய்டு மேரி' என்று ஒருத்தியைத்தான் பிடித்துக்கொண்டன.

மேரி செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு உயிர் போயிருக்கிறது. ஆனால் முதல் தடவை விடுவித்தபோது வேறு வேலைக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு செய்து கொடுத்திருந்தால் அவர் பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி அடுப்படிக்குப் போயிருப்பாரா என்று யோசிக்கிறேன். சோதனை ஒரு ஆளின் சோற்றில் கை வைத்தால் அந்த ஆள் ஒளியத்தான் பார்ப்பார்.

இதே வேலையைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. லண்டனில் குயின் சார்லட்ஸ் பிரசவ மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் என்ற டாக்டர் பிரசவ ஜன்னிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரி டோரா கோல்புரூக் கிருமி எங்கிருந்து வருகிறது என்று தேடினார். ஜன்னி வந்த தாயின் கிருமியை எடுத்தார். அந்தத் தாயின் தொண்டை, வீட்டார் தொண்டை, பிரசவம் பார்த்தவர்களின் தொண்டை எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்து, கிருமியின் வகையை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். 1935-இல் வந்த அவர் அறிக்கையின் சாரம் இது: பல சமயம் கிருமி வேறொருவரின் மூக்கிலும் தொண்டையிலும் இருந்துதான் வந்திருக்கிறது. சில சமயம் வீட்டார், சில சமயம் பிரசவம் பார்த்தவர். முகமூடி கட்டிக்கொள், தொண்டை வலி இருந்தால் பிரசவ அறைக்குள் போகாதே என்ற விதிகள் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளால்தான் உறுதிப்பட்டன. டாக்டர், நர்ஸ், குடும்பத்தார் என்று எல்லோரையும் ஒரே தராசில் வைத்தார் டோரா. வெறுமனே 'கிருமி இருக்கிறது' என்று நிறுத்தாமல் 'அதே வகையா' என்று பார்த்தார். இந்த இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஐம்பதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்தது ஸ்டஃபைலோகாக்கஸ். பென்சிலினுக்கு மசியாத ஒரு வகை ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பல நாடுகளின் குழந்தை வார்டுகளில் புகுந்தது. அப்போது உலகம் முழுக்க நர்ஸுகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் இந்தக் கிருமி ஏறக்குறைய பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். இதைப் படிக்கும் உங்களில் பத்துக்கு மூன்று பேர் மூக்கிலும் இப்போது இருக்கும். அதனால் ஒரு தீமையும் இல்லை. ஆகவே நூறு பேரைச் சோதித்தால் முப்பது பேர் 'பாசிட்டிவ்'. அந்த முப்பது பேரும் குற்றவாளியா? வகை பார்க்காமல் சொல்லவே முடியாது. வகை ஒன்றாகவே இருந்தாலும் இன்னொரு சந்தேகம் உண்டு. நர்ஸிடமிருந்து குழந்தைக்குப் போனதா, குழந்தையிடமிருந்து நர்ஸுக்கு வந்ததா?

இப்போது நான் இத்தனை வருடம் எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

1984. எனக்கு வயது 31. சென்னையில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். பிறந்த குழந்தைகள் வார்டில் உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம் வர ஆரம்பித்தது. ஒன்பது குழந்தைகள். அதில் ஒரு பெண் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி கலந்து இறந்துவிட்டது. தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தத் தாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வார்டில் எல்லோருக்கும் மூக்கில் மாதிரி எடு என்று உத்தரவு வந்தது. மேட்ரன் சொல்லச் சொல்லப் பட்டியலை நான்தான் எழுதினேன். நர்ஸுகள் 12, ஆயாக்கள் 7, துப்புரவுப் பணியாளர்கள் 4. மொத்தம் 23. டாக்டர்கள் பெயர் இல்லை. ஹவுஸ் சர்ஜன்கள் ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்குக் கை கழுவாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "டாக்டர்ஸ் வேண்டாமா?" என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வியன்னா எங்கும் போய்விடவில்லை.

உப்புக் கலந்த சிவப்புத் தட்டில் மாதிரியைத் தடவி ஒரு நாள் வைத்தால், இந்தக் கிருமி இருக்கும் இடம் மஞ்சளாகும். 23 தட்டில் 7 மஞ்சள். பத்துக்கு மூன்று என்ற கணக்கு அப்படியே வந்தது. அந்த ஏழையும் மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை வைத்துப் பார்த்தேன். எந்த மருந்துக்கு மசிகிறது, எதற்கு மசியவில்லை என்பது ஒரு அடையாளம். ஆனால் ஒரே தெருவில் இருக்கிறார் என்பதுபோன்ற அடையாளம்தான், கைரேகை மாதிரி இல்லை. துல்லியமாக வகை பார்க்க டெல்லிக்கு அனுப்ப வேண்டும். மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் அதற்கான மையம் இருந்தது. அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எங்கள் மேலிடத்தில் யாருக்கும் பொறுமை இல்லை.

குழந்தைகளின் கிருமியோடு ஒத்துப்போனது இரண்டு பேருடையது. ஒருவர் ஸ்டாஃப் நர்ஸ், இன்னொருவர் ஒரு ஆயா. நர்ஸ் நிரந்தர ஊழியர் என்பதால் ஒரு வாரம் லீவும் மூக்குக்கு மருந்தும் கொடுத்தார்கள். ஆயா தினக்கூலி. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல், கணவர் இல்லாதவர். என் லேப் வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, என் மூக்குல இன்னா கீதாம்? நான் கொயந்தைய கொன்னுட்டேன்னு சொல்றாங்கோ. மெய்யா தம்பி?"

"அதெல்லாம் இல்ல ஆயாம்மா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லாதது இதுதான். தட்டுகள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் என் மூக்கிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்துப் போட்டிருந்தேன். இருபத்து நான்காவது தட்டு. அதுவும் மஞ்சள். காகிதம் வைத்துப் பார்த்தேன். குழந்தைகளின் கிருமியோடு அப்படியே ஒத்துப்போனது. ஒரு வாரமாக அந்த வார்டுக்குள் தினமும் போய்க் கொப்புளங்களிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அங்கிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். ஆயாவுக்கும் அப்படியே தொற்றியிருக்கலாம். அந்தத் தட்டை எங்கள் சீஃபிடம் காட்டியிருந்தால், 'பிறகு வந்து போனவனுக்கே இருக்கிறது, ஆயாவிடம் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது' என்று ஒரு வாதமாவது கிடைத்திருக்கும். நான் அந்தத் தட்டை ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு மூக்குக்குக் களிம்பு தடவிக்கொண்டேன். பதிவேட்டில் 23 என்றே எழுதினேன்.

ஆயா போனபின் கொப்புளம் நின்றது. அவரை அனுப்பியதால்தான் நின்றது என்று எல்லோரும் சொன்னார்கள். அதே வாரத்தில் வார்டைக் காலி செய்து கழுவினார்கள், ஒரு தொட்டிலில் இரண்டு குழந்தை போடுவதை நிறுத்தினார்கள், குழாயடியில் புதுசாகச் சோப்பு வைத்தார்கள். அதையெல்லாம் யாரும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் சோப்பு தீர்ந்தது, தொட்டிலில் மறுபடி இரண்டு குழந்தை. கொப்புளம் திரும்பி வந்தது. அப்போது ஆயா அங்கே இல்லை. ஆனாலும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

வருடங்கள் ஓடின. 2010 ஆகஸ்டில், நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். நான் இருக்கும் பாலவாக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் ஒரு மரபணுவைச் சுமந்த கிருமிகள் பரவியிருக்கின்றன என்பது செய்தி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, துணைக்கண்டத்தின் மற்ற இடங்களில் 73 மாதிரிகள்.

அந்த மரபணுவுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008-இல் முதலில் கிடைத்ததால், நியூ டெல்லி என்ற பெயர். சுருக்கமாக என்டிஎம்-1. நாடே கொதித்தது. நம் மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதைக் கெடுக்கச் சதி என்றார்கள். மத்திய அரசு மறுத்தது. காலையில் கடற்கரையில் நடக்கும்போது நண்பர்கள், "நீங்க லேப்ல இருந்தவராச்சே, நம்ம ஊரை இப்படிச் சொல்லலாமா?" என்று என்னிடம் கோபப்பட்டார்கள். எனக்கும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். 'என் மூக்குல இன்னா கீதாம்' என்று அந்த ஆயா கேட்டதைத்தான் இப்போது ஒரு தேசமே கேட்கிறது. கிருமி இருந்தது உண்மை. பெயரை ஒட்டியது தப்பு. பெயரின் மேல் வந்த கோபத்தில் உண்மையைப் பேசுவது நின்றுபோனது. ஊரின் பெயரை வைத்தது தவறுதான் என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011-இல் வருத்தம் தெரிவித்தார்.

நல்ல வேளையாக நம் ஊரிலேயே சிலர் கோபத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். 2012 ஆகஸ்ட் 24 அன்று நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல இங்கே கூடி ஒரு திட்டம் போட்டன. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்தார். உலகத்தில் 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். மருத்துவமனைக்குள் தொற்றுத் தடுப்பு, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதற்குக் கட்டுப்பாடு என்று செய்யக்கூடியதைக் கேட்டார்கள். 2014 மார்ச் முதல் முக்கியமான 46 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. ஒரே கிருமிக்கு ஒரு ஊரின் பெயர் அவமானமாகவும் இன்னொரு ஊரின் பெயர் மரியாதையாகவும் ஆன கதை இது.

சோதனையே வேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் 1988 முதல் 'தேடு, ஒழி' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பல மருந்துக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு நோயாளியிடம் எதிர்பாராமல் தென்பட்டால், அவரோடு பழகிய ஊழியர்களைச் சோதிப்பார்கள். இருந்தால் மூக்குக்குக் களிம்பு, கிருமிநாசினிக் குளியல், சில நாள் நோயாளிகளிடமிருந்து விலகல், மறுபடி சோதனை, பிறகு வேலைக்குத் திரும்புதல். அந்த நாட்டில் எம்ஆர்எஸ்ஏ வெகு குறைவு. நம் நாட்டில் 2008, 2009-இல் 15 பெரிய மையங்களில் சேர்த்துப் பார்த்தபோது நூறு ஸ்டஃபைலோகாக்கஸில் 41 அந்த வகையாக இருந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நர்ஸிங் மாணவிகளுக்கு செய்த காசநோய்ச் சோதனையையும் சொல்ல வேண்டும். தோலில் ஊசி போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்திருந்தது. இல்லாதவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. பொதுமக்களுக்குச் சொல்லப்படும் கணக்கு நூற்றுக்கு ஒன்றரை. 2011-இல் வெளியான ஆய்வு அது. நோயாளிக்கு ஊழியரால் ஆபத்தா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, நோயாளியால் ஊழியருக்கு என்ன ஆகிறது என்பதைக் காட்டியது. சோதனை ஊழியரின் பாதுகாப்புக்கும்தான் என்று தெரிந்தால் யார் மூக்கைக் காட்ட மறுப்பார்கள்?

இப்போதைய முறையில் கொத்தாக நோய் வந்தவுடன் எல்லோர் மூக்கிலும் குச்சி விடுவதில்லை. முதலில் தண்ணீர், சலைன், கண் மருந்து, குழாய், தொட்டி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் மாதிரிக் கிருமிகளுக்கு மனிதர் மூக்கைத் தேடி ஒரு புண்ணியமும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தால் மட்டும் ஊழியர்களைச் சீக்கிரம் சோதிக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு ஆள் காரணமாக இருப்பது உண்டு, உயிரும் சீக்கிரம் போகும். அப்போதும் நோய் வந்தவர்களை யார் யார் தொட்டார்கள் என்று கார்டன் போட்ட மாதிரி ஒரு பட்டியல் போட்டு, அதில் திரும்பத் திரும்ப வருபவரைச் சோதித்து, டோரா மாதிரி வகையை ஒப்பிட வேண்டும். பட்டியலில் சீஃப் டாக்டரும் இருக்க வேண்டும், தரை துடைப்பவரும் இருக்க வேண்டும்.

தம்பி மகள் மறுநாள் சாயங்காலமே போன் செய்தாள். "பெரியப்பா, முதல்ல எங்க பெரிய டாக்டர்தான் வந்து கையை நீட்டினார். அப்புறம்தான் நாங்க. பேர் எழுதல, நம்பர்தான்" என்றாள். பத்து நாள் கழித்து மறுபடி பேசினாள். அவர்கள் தேடிய கிருமி கை கழுவும் தொட்டியின் வடிகுழாயில் இருந்ததாம். தொட்டியையே மாற்றிவிட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

அவள் வைத்ததும் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஆயா இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதமாட்டேன், ஒரு தடவை எழுதியது போதும். 1984-ஆம் வருடப் பட்டியலில் 24-ஆவதாக எழுதியிருக்க வேண்டியது என் பெயர் என்பதை மட்டும் நாற்பது வருடம் தாமதமாகச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வயதில் மாதம் ஒருவரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறோம். உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். தொண்டை வலி, கையில் புண் இருந்தால் போகாதீர்கள், போனில் விசாரியுங்கள். அங்கே யாருக்காவது தொற்று வந்துவிட்டால் 'அந்த நர்ஸாலதான்', 'அந்த ஆயாவாலதான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது நம்மாலும் வந்திருக்கலாம்.